ஏற்றி வைத்த நீரே உழவரின் மின்சாரக் குதிர்

சித்திரை மாதத்து நண்பகல். வெயில் கொளுத்துகிறது. கிணற்று மேட்டில் சூரியத் தகடுகள் பளபளக்கின்றன. ஆனால் பம்பு செட் ஓடவில்லை. காலையிலேயே வாழைக்கு நீர் பாய்ச்சியாகிவிட்டது. இனி இன்றைக்குத் தேவையில்லை என்று உழவர் நிறுத்திவிட்டார். மறுநாள் வானம் மூட்டமாக இருக்கிறது. தகடுகள் சோர்ந்துவிடுகின்றன. குழாயில் நீர் நூலாக விழுகிறது. முதல் நாள் வீணான வெயிலில் ஒரு பங்கை எடுத்து வைத்திருந்தால் வாழை வாடியிருக்காது.

பக்கத்துத் தோட்டத்தில் இருப்பது மின் இணைப்புள்ள பம்பு செட். அங்கே மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில், உழவர் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து சென்று மோட்டாரைப் போடுகிறார். பாம்புக்கும் பயம், பன்றிக்கும் பயம். தூக்கமும் கெடுகிறது. மடை மாற்றக் கண் அயர்ந்தால் நீர் அடுத்த வயலுக்கு ஓடுகிறது.

இந்த இரண்டு உழவர்க்கும் உள்ள குறை ஒன்றே. விசை கிடைக்கும் நேரம் வேறு. விசை தேவைப்படும் நேரம் வேறு. நாட்டின் மின் வாரியங்களும் இன்று இதே குறையோடுதான் போராடுகின்றன. அவை கையாளும் வழிகளை அறிந்துகொண்டால், தோட்டத்தில் எதைச் செய்யலாம், எதற்குப் பணம் போடக் கூடாது என்பது உழவர்க்குத் தெளிவாகும்.

குதிரில் கொட்ட முடியாத சரக்கு

நெல்லை அறுத்துக் குதிரில் கொட்டி வைக்கலாம். விலை ஏறும்போது விற்கலாம். மின்சாரம் அப்படிப்பட்ட சரக்கு அல்ல. உற்பத்தியாகும் நொடியிலேயே அது செலவாக வேண்டும். கம்பியில் தேங்கி நிற்காது. ஒரு நொடியில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு மின்சாரம் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மின் கட்டமைப்பு தடுமாறும்.

நிலக்கரி நிலையங்கள் மட்டும் இருந்த காலத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. தேவை ஏறினால் அடுப்பைக் கூட்டலாம், இறங்கினால் குறைக்கலாம். காற்றும் வெயிலும் அவ்வாறு மனிதன் சொற்படி கேட்பவை அல்ல. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், முப்பந்தலிலும், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளிலும் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வேகமாக வீசுகிறது. காற்றாலைகள் அப்போது ஓயாமல் சுழலும். ஐப்பசியில் காற்று ஓய்ந்ததும் அவையும் ஓய்ந்துவிடும். சூரிய மின்சாரமோ காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை பெருகி, மாலை ஆறு மணிக்கு அற்றுப்போகும். வீடுகளிலும் கடைகளிலும் விளக்கும் விசிறியும் போடும் நேரமோ அந்த மாலைப் பொழுதுதான்.

ஆகவே பகலில் மிஞ்சுவதை இரவுக்கும், காற்று வீசும்போது மிஞ்சுவதைக் காற்று இல்லாத நேரத்துக்கும் எடுத்து வைக்க ஒரு குதிர் தேவைப்படுகிறது. பாட்டரி ஒருவகைக் குதிர். அது ரசாயன முறையில் சேமிக்கிறது. அதற்கு முன்பிருந்தே உள்ளவை எந்திர முறைச் சேமிப்புகள். ஒரு பொருளை உயரத்தில் ஏற்றி வைப்பது, சுழல விட்டு வைப்பது, அல்லது காற்றை அமுக்கி வைப்பது ஆகிய மூன்றுமே இம்முறையில் அடங்கும். இவை மூன்றும் உழவர்க்குப் புதியவை அல்ல.

தோட்டத்திலேயே உள்ள மூன்று பாடங்கள்

முதலாவது, கிணற்றடித் துலா. துலாவின் பின்முனையில் கனமான கல்லைக் கட்டியிருப்பார்கள். வெற்று வாளியைக் கிணற்றுக்குள் இழுக்கும்போது அந்தக் கல் மேலே ஏறுகிறது. இழுப்பவரின் உழைப்பு உயரத்தில் நிற்கும் கல்லில் சேர்கிறது. நீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போது கல் கீழே இறங்கி, சேர்த்து வைத்த உழைப்பைத் திருப்பித் தருகிறது. ஏற்றி வைத்த பாரம் சேமித்து வைத்த சக்தியாகும்.

இரண்டாவது, ஆயில் எஞ்சினில் உள்ள கனத்த சக்கரம். எஞ்சினின் பிஸ்டன் நான்கு முறை மேலும் கீழும் ஓடும்போது ஒருமுறை மட்டுமே எண்ணெய் எரிந்து உந்துகிறது. மற்ற மூன்று ஓட்டத்துக்கும் விசை தருவது சுழலும் அந்தச் சக்கரம்தான். கையால் சுற்றும் தீவன வெட்டுக் கருவிக்குப் பெரிய இரும்புச் சக்கரம் இருப்பதும் இதற்காகவே. சுழலும் சக்கரம் சக்தியைத் தன்னுள் வைத்திருக்கிறது.

மூன்றாவது, பஞ்சர் கடையில் உள்ள காற்றுத் தொட்டி. மோட்டார் ஓடும்போது காற்றை அமுக்கித் தொட்டியில் அடைக்கிறது. மோட்டாரை நிறுத்திய பிறகும் அந்தக் காற்று டயரை நிரப்புகிறது. அமுக்கிய காற்றும் ஒரு சேமிப்பே.

மலை மீது ஒரு துலா

துலாவின் தத்துவத்தையே மின் வாரியங்கள் மலையில் பெரிதாகச் செய்கின்றன. அதற்கு மேலே ஒரு நீர்த்தேக்கமும் கீழே ஒரு நீர்த்தேக்கமும் வேண்டும். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவைப்படும் நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரே எந்திரம் ஒருபுறம் சுழன்றால் பம்பாகவும், மறுபுறம் சுழன்றால் மின் உற்பத்தி எந்திரமாகவும் வேலை செய்கிறது. இதற்கு நீரேற்றுப் புனல் மின் நிலையம் என்று பெயர்.

தமிழகத்தில் இதற்கு எடுத்துக்காட்டு கோவை மாவட்டத்து ஆனைமலைத் தொடரில் உள்ள கடம்பாறை நிலையமாகும். தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள் 1987 முதல் 1989 வரை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின. மேலே கடம்பாறை அணை. கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். இரண்டுக்கும் இடையே முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயர வேறுபாடு உண்டு. நான்கு எந்திரங்களும் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 4 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதற்கு நொடிக்கு ஒரு லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் இறங்க வேண்டும்.

நீலகிரி மாவட்டத்தில் குந்தா பகுதியில் இதே முறையில் 500 மெகாவாட் திட்டம் ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. போர்த்திமந்து அணை அதற்கு மேல்தேக்கமாகவும், அவலாஞ்சி, எமரால்டு அணைகள் கீழ்த்தேக்கமாகவும் கொள்ளப்பட்டுள்ளன. மேற்கு வங்கத்தில் புருலியா என்னுமிடத்தில் 900 மெகாவாட் நிலையம் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு வரை உலகின் மின் கட்டமைப்புகளில் அமைந்திருந்த சேமிப்புத் திறனில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இவ்வகை நிலையங்களே ஆகும். பாட்டரிகள் வேகமாகப் பெருகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பாசனத்துக்குரிய நீரை இத்தகைய நிலையங்கள் விழுங்கிவிடுமோ என்ற ஐயம் அணை நீரை நம்பியுள்ள உழவர்க்கு எழுவது இயல்பே. சேமிப்புக்காக ஏறி இறங்கும் நீர் செலவாவதில்லை. ஆவியாகும் அளவு மட்டுமே இழப்பு. ஆனால் மின்சாரத்தில் இழப்பு உண்டு. நூறு யூனிட் செலவிட்டு நீரை ஏற்றினால், அது இறங்கும்போது எழுபது முதல் எண்பது யூனிட் வரையே திரும்பக் கிடைக்கும். குதிரில் எலி தின்பது போல, எந்தச் சேமிப்பிலும் ஒரு பங்கு கழிந்தே தீரும்.

காற்றும் சக்கரமும்

அமுக்கிய காற்றைச் சேமிக்கும் பெரிய நிலையம் ஜெர்மனியில் ஹன்டார்ஃப் என்னும் ஊரில் 1978-இல் தொடங்கப்பட்டது. நிலத்தடியில் உப்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த இரண்டு பெரும் பள்ளங்களில் காற்றை அமுக்கி அடைத்து, தேவைப்படும்போது திறந்து விடுகிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 110 மெகாவாட் நிலையம் ஒன்று 1991-இல் தொடங்கியது. அமுக்கிய காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்ந்துவிடும். ஆகையால் இந்த இரண்டு நிலையங்களிலும் எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கிய பிறகே எந்திரத்துக்கு விடுகிறார்கள். பொருத்தமான உப்புப் பாறை எல்லா இடத்திலும் கிடைக்காததால் இம்முறை அதிகம் பரவவில்லை.

சுழல் சக்கரச் சேமிப்பு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டீபன்டவுன் என்னுமிடத்தில் 2011-இல் அமைந்தது. அங்கே 200 சக்கரங்கள் காற்றில்லாக் கூண்டுகளுக்குள் அதிவேகமாகச் சுழல்கின்றன. எல்லாம் சேர்ந்து 20 மெகாவாட் தரும். ஆனால் கால் மணி நேரத்துக்கு மட்டுமே தரும். நொடிக்கு நொடி ஏற்படும் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யவே இது ஏற்றது. இரவு முழுவதற்கும் போதாது.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நீர்?

இதுவரை கண்டவை மின் வாரியங்கள் செய்பவை. சிறு உழவர் தம் தோட்டத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டி, பகலில் நீர் ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்க முடியுமா? இக்கேள்விக்கு ஒரு சிறு கணக்கே விடை தரும்.

ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். ஒரு டன் எடையை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் சேரும் சக்தி ஒரு யூனிட். கடம்பாறை போன்ற மலையில் அத்தனை உயரம் உண்டு. ஆகவே அங்கே ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் இறங்கினாலே ஒரு யூனிட் கிடைக்கும்.

தோட்டத்தில் 20,000 லிட்டர் தொட்டி ஒன்று வயலைவிட 5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். 20 டன்னை 5-ஆல் பெருக்கினால் 100. அதை 367-ஆல் வகுத்தால் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. சிறிய எந்திரங்களில் இழப்பு அதிகம். ஆகவே கையில் கிடைப்பது அதில் பாதியே. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பதினைந்து மணி நேரம் எரிக்கலாம், அவ்வளவுதான். இதற்காகத் தொட்டியும் எந்திரமும் வாங்குவது வீண் செலவு.

ஆனால் அதே தொட்டியை வேறு கண்கொண்டு பார்க்க வேண்டும். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரை மொத்த உயரம் 30 மீட்டர் என்று கொள்ளலாம். 20,000 லிட்டர் நீரை அவ்வளவு உயரம் ஏற்ற, மோட்டாரிலும் பம்பிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை யூனிட் செலவாகும். தொட்டியில் நீர் நிற்கும்போது அந்த மூன்றரை யூனிட் வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டது என்று பொருள். இரவில் அந்த மின்சாரம் தேவையே இல்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று 1.8 யூனிட் கொள்ளும். அப்படியானால் இந்தத் தொட்டி இரண்டு பெரிய பாட்டரிகளுக்குச் சமம். பாட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். நன்கு கட்டிய தொட்டி ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

ஏற்றிய நீரை மீண்டும் மின்சாரமாக்கினால் கால் யூனிட்டும் தேறாது. நீராகவே பயன்படுத்தினால் மூன்றரை யூனிட் மிச்சம். சிறு உழவர் மனத்தில் கொள்ள வேண்டிய கணக்கு இதுவே.

தொட்டி எவ்வளவு பெரியது?

பெரிய தொட்டிதான் நல்லது என்று எண்ணிக் கடன் வாங்கக் கூடாது. ஒரு நாள் தேவைக்குப் போதுமான தொட்டி போதும். வாழை ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 கன்றுகள். சொட்டு நீர் முறையில் கன்றுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வீதம் 18,000 லிட்டர் தேவை. தென்னை ஏக்கருக்கு 70 மரங்கள். மரத்துக்கு 80 லிட்டர் வீதம் 5,600 லிட்டர். கறவை மாடுகளுக்கும் வீட்டுக்கும் சில நூறு லிட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஏக்கர் வாழை உள்ளவர்க்கு 20,000 லிட்டர் தொட்டி போதுமானது.

ஒரு கன அடி 28.3 லிட்டர் கொள்ளும். 16 அடி நீளமும் 13 அடி அகலமும் உள்ள தொட்டியில் மூன்றரை அடி நீர் நின்றால் ஏறத்தாழ 20,600 லிட்டர். சுவர் உயரம் 4 அடி இருக்கலாம். 5 குதிரைச் சக்தி பம்பு செட் 30 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 25,000 லிட்டர் இறைக்கும். ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் தொட்டி நிரம்பிவிடும். அதே திறனுள்ள சூரிய பம்பு செட், கிணற்றில் நீர் இருந்தால், நல்ல வெயில் நாளில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் இறைக்க வல்லது. பாசனத்துக்குப் போக மிஞ்சும் வெயிலே தொட்டியை நிரப்பப் போதும்.

எங்கே, எப்படிக் கட்டுவது?

தோட்டத்தில் மிக உயர்ந்த மேட்டு மூலையில் தொட்டியை அமைக்க வேண்டும். இயற்கையாக அமைந்த மேடு காசில்லாமல் கிடைத்த உயரமாகும். தூண்கள் எழுப்பி அதன்மேல் பெரிய தொட்டி வைப்பது செலவு மிக்கது. 20,000 லிட்டர் நீரின் எடை மட்டும் 20 டன் என்பதை மறக்கக் கூடாது. அத்தனை பாரத்தைத் தாங்கும் தூண்களைப் பொறியாளர் ஒருவரின் வரைபடம் இல்லாமல் எழுப்புவது உயிருக்கே ஆபத்து. சிறு உழவர்க்குத் தரைமட்டத் தொட்டியே ஏற்றது.

அடித்தளத்து மண்ணை நன்கு நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். கொட்டிய புது மண்ணின் மீது கட்டினால் தளம் அமிழ்ந்து வெடிப்பு விடும். சதுரத் தொட்டியில் மூலைகளே பலவீனமானவை. வட்டத் தொட்டி நீரின் அழுத்தத்தைச் சீராகத் தாங்கும். தொட்டியின் அடியில் வண்டல் கழிக்க ஒரு குழாயும், மேலே மிகுநீர் வழியும் குழாயும் கட்டாயம் வைக்க வேண்டும். மிகுநீரைக் கிணற்றுக்கே திரும்பச் செல்லுமாறு அமைப்பது நலம்.

அதிக நீர் சேமிக்க வேண்டியவர்கள் பண்ணைக் குட்டை வெட்டி, பிளாஸ்டிக் விரிப்புப் பரப்பலாம். ஆனால் கோடையில் நாளொன்றுக்கு 5 முதல் 8 மில்லி மீட்டர் வரை நீர் ஆவியாகும். 65 அடிக்கு 65 அடி உள்ள குட்டையில் இது நாளொன்றுக்கு 2,000 முதல் 3,000 லிட்டர் வரை ஆகிவிடும். அகலம் குறைத்து ஆழம் கூட்டினால் இந்த இழப்பு குறையும். குட்டையும் தொட்டியும் குழந்தைகளுக்கு எமன் ஆகக் கூடாது. பிளாஸ்டிக் விரிப்பு வழுக்கும். விழுந்தவர் ஏற முடியாது. சுற்றிலும் வேலியும், உள்ளே முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றும் அவசியம்.

அழுத்தம் பற்றி ஒரு சொல்

தொட்டி நீரை வாய்க்காலிலோ, ரப்பர்க் குழாய் மூலம் பாத்திக்கோ விடுவதற்கு மூன்று நான்கு அடி உயரமே போதும். தென்னை வட்டப்பாத்திக்கு இதுவே எளிய முறை. ஆனால் சாதாரணச் சொட்டு நீர்க் கருவிகளுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். அதற்குத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தரைமட்டத் தொட்டியில் இது கிடைக்காது. கால் ஏக்கர், அரை ஏக்கர் காய்கறிக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சொட்டு நீர்த் தொகுப்புகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தலாம். முழு ஏக்கருக்கு வேண்டுமானால் தொட்டியிலிருந்து ஒரு குதிரைச் சக்தி பம்பு ஒன்றால் தள்ளலாம். ஆழ்கிணற்றிலிருந்து தூக்கும் பெரிய வேலை முன்பே முடிந்துவிட்டதால் இதற்கு மின்சாரம் சிறிதளவே ஆகும். திறந்த தொட்டியில் பாசி வளர்ந்து சொட்டுவான்களை அடைக்கும். தொட்டியை மூடி வைப்பதும், மணல் வடிகட்டி அமைப்பதும் நல்லது.

மின் இணைப்பு உள்ளவர்க்கும் பயன் உண்டு

சூரிய பம்பு செட் இல்லாதவர்களும் இந்த முறையைக் கையாளலாம். மின்சாரம் வரும் நேரத்தில் தொட்டியை நிரப்பி, காலையிலோ மாலையிலோ பாய்ச்சலாம். இரவில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை. தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நிற்க மிதவை சுவிட்சும், கிணற்றில் நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் பொருத்துவது அவசியம். ஆட்டோ ஸ்டார்ட்டரை மட்டும் நம்பி விட்டுவிட்டால், நீரின்றி ஓடி மோட்டார் சுருள் கருகும்.

பகலில் பம்பு செட் ஓடுவது மின் கட்டமைப்புக்கும் உதவியே. வெயில் நேரத்தில் மிஞ்சும் மின்சாரம் அப்போதே நீராக மாறிவிடுகிறது. மகாராஷ்டிர மாநிலம் 2017-இலும் குஜராத் மாநிலம் 2020-இலும் விவசாயத்துக்குப் பகலில் மின்சாரம் வழங்குவதற்கென்றே திட்டங்கள் தொடங்கின. அவற்றின் அடிப்படை இதுதான். மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டமும் சூரிய பம்பு செட்டுகளை ஊக்குவிக்க வந்ததே.

கிணற்றை மறக்கக் கூடாது

தொட்டி கட்டிய உழவர் செய்யும் பெரும் பிழை ஒன்று உண்டு. வெயில் இருக்கும்வரை இறைத்துக்கொண்டே இருப்பது அது. சூரிய மின்சாரத்துக்குக் காசில்லை. தமிழகத்தில் 1990-ஆம் ஆண்டு முதல் விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்வாரிய மின்சாரமும் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. ஆனால் நிலத்தடி நீருக்கு விலை உண்டு. அந்த விலை கிணறு வற்றும் ஆண்டில் மொத்தமாகக் கேட்கப்படும். ஒருவர் தொட்டியை நிரப்ப அளவுக்கு மீறி இறைத்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் இறங்கும்.

கிணற்றின் ஊற்றை உழவர் தாமே அளந்துகொள்ளலாம். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி ஏறினால் ஏறத்தாழ 8,900 லிட்டர் ஊறியதாகும். இரவு முழுவதும் இரண்டு அடி ஏறினால் 17,800 லிட்டர். பகலிலும் அதே அளவு ஊறும் என்று கொண்டால், நாளொன்றுக்கு 35,000 லிட்டர் வரை இறைக்கலாம். அதற்கு மேல் கூடாது. இந்த அளவைப் பங்குனி, சித்திரையில் எடுப்பதே சரியானது. மழைக்கால அளவை நம்பி வாழை நட்டவர் கோடையில் தவிப்பார்.

இறைக்கத் தேவையில்லாத நேரத்தில் மிஞ்சும் வெயிலுக்கு வேறு வழி உண்டு. பல்பயன் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய சூரிய பம்பு செட்டில் தீவன வெட்டுக் கருவி, மாவு அரவை எந்திரம் போன்றவற்றையும் ஓட்டலாம். புதிதாகச் சூரிய பம்பு செட் வாங்குவோர் இக்கருவி உள்ளதா என்று கேட்டு வாங்குவது நலம்.

ஏமாற்று வித்தைக்கு இடம் கொடாதீர்

கனமான சக்கரம் ஒன்றைப் பூட்டினால் மோட்டாரும் டைனமோவும் ஒன்றையொன்று ஓட்டிக்கொண்டு, மின்சாரமே இல்லாமல் பம்பு செட் ஓடும் என்று சொல்லி எந்திரம் விற்போர் அவ்வப்போது கிராமங்களுக்கு வருவதுண்டு. முன்பணம் கேட்பார்கள். செயல்விளக்கமும் காட்டுவார்கள். இதை நம்பி நகையை அடகு வைத்தவர் முதலுக்கே மோசம் போவார்.

உண்மை என்ன? ஓர் அடி ஆரமும் 60 கிலோ எடையும் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும்போது அதில் இருக்கும் சக்தி ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கை ஒட்டியதே. அது 5 குதிரைச் சக்தி பம்பைப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஓட்டும். பிறகு நின்றுவிடும். அந்தச் சக்தியும் முதலில் யாரோ போட்டதே. சக்கரம் உண்டாக்கியது அல்ல. செயல்விளக்கத்தில் எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு பாட்டரியோ கம்பியோ மறைந்திருக்கிறது என்று பொருள்.

குதிர் நெல்லைக் காக்கும், நெல்லை விளைவிக்காது. கடம்பாறை ஆனாலும், ஹன்டார்ஃப் ஆனாலும், தோட்டத்துத் தொட்டி ஆனாலும், எல்லாச் சேமிப்புக்கும் இந்த விதி பொருந்தும். போட்டதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தரும் சேமிப்பு எதுவும் உலகில் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலில் கோடையில் கிணற்று ஊற்றை அளக்க வேண்டும். அடுத்து, பயிருக்கும் கால்நடைக்கும் ஒரு நாள் தேவையைக் கணக்கிட வேண்டும். இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கே தொட்டி போதும். மேட்டு மூலையைத் தேர்ந்து, மண்ணை இறுக்கி, தரைமட்டத்தில் கட்ட வேண்டும். வெயில் உச்சத்தில் நிரப்பி, காலையிலோ மாலையிலோ பாய்ச்ச வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து வண்டலையும் பாசியையும் கழுவ வேண்டும். சூரியத் தகடுகளில் படியும் தூசியை வாரம் ஒருமுறை காலை வேளையில் நீரால் துடைத்தால் நீரின் அளவு குறையாது.

தொட்டி, பண்ணைக் குட்டை, சூரிய பம்பு செட் ஆகியவற்றுக்கு அரசு மானியம் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். பணம் செலவிடும் முன்பு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ நேரில் விசாரித்து, சிறு குறு விவசாயிச் சான்றுடன் பதிவு செய்துகொள்வது நலம். கட்டி முடித்த பிறகு மானியம் கேட்டால் கிடைப்பது அரிது.

மலையில் 400 மெகாவாட் சேமிக்க அணைகளும் சுரங்கங்களும் தேவைப்பட்டன. தோட்டத்தில் ஒரு நாள் பாசனத்தைச் சேமிக்க நான்கு சுவர்கள் போதும். நேற்றைய வெயில் இன்று நீராகத் தொட்டியில் நின்றால், மூட்டமான நாளிலும் வாழை வாடாது. உழவரும் நள்ளிரவில் வரப்பில் நடக்க வேண்டியிராது.